ஐஸ்பெட்டியின் 'டிக்' சத்தம்

(கிளைச் சங்க மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீட்டுரிமை என்றே பேசிப் பழகிய இம்மேடையில் ஐஸ்பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் சம்பளப் பிரச்சினைதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் பெரும் பங்கை, சில பத்து வெள்ளி பெறும் சாமான் ஒன்று கெட்டதற்காகப் புதுப் பெட்டிக்குக் கொட்டிக் கொடுப்பதா? "கம்ப்ரசர் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்று யாரேனும் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். சொல்பவரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்று நான் கூறவில்லை. நின்று சோதிக்கப் பொறுமை இல்லாதவரும் உண்டு.

அடையாளத்தைக் கேளுங்கள். கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது. குளிர் மட்டும் இல்லை. பின்புறம் காது கொடுத்தால் சில விநாடி 'உம்' என்று முனகல், பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை. இப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, கம்ப்ரசரின் பக்கத்தில் செருகியிருக்கும் ஸ்டார்ட்டர் ரிலேயைத்தான்.

கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டாருக்கு இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று ஓட்டுவதற்கு, மற்றொன்று கிளப்பிவிடுவதற்கு. ரிலேக்குள் காசளவு பீங்கான் வில்லை ஒன்று உண்டு. ஆறியிருக்கும்போது அது கிளப்பும் சுருளுக்கு மின்சாரத்தை விடும். கண நேரத்தில் சூடேறி, ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். வில்லை உடைந்தால் மோட்டார் சுழல மாட்டாமல் முனகிச் சூடாகும். அது எரிந்துபோகாமல் ஓவர்லோட் என்னும் காப்பு மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்த 'டிக்' அதன் குரல். என் கையிலிருப்பது கெட்ட ரிலே. குலுக்குகிறேன், கலகலக்கிறது கேளுங்கள். நல்லது கலகலக்காது.

மாற்றும் முறை எளிது. சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ரிலே நன்றாகச் சூடேறியிருக்கும், ஆறவிடுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, நேராக இழுத்துக் கழற்றுங்கள். பழையதையே கடைக்குக் கொண்டுபோய், அதிலும் கம்ப்ரசரிலும் உள்ள எண்களைக் காட்டி, ஒத்ததை வாங்குங்கள். பக்கத்தில் உருளை போன்ற கப்பாசிட்டர் இருந்தால் விரல் வைக்காதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கும். அந்த வேலையை எலெக்ட்ரிஷனுக்கு விடுங்கள்.

புது ரிலே போட்டும் 'டிக்' நிற்கவில்லையானால் கம்ப்ரசரே கெட்டிருக்கலாம். மீட்டர் வைத்து அதன் மூன்று ஊசிகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஊசிக்கும் இரும்பு உடலுக்கும் தொடர்பு காட்டினால் அதோடு தீர்ந்தது.

இன்வெர்ட்டர் பெட்டிகளில் இந்த ரிலே கிடையாது, மின்பலகை இருக்கும், தொடாதீர்கள். காஸ் குழாயையும் தொடாதீர்கள். ஆர்600ஏ என்று ஒட்டியிருந்தால் அது தீப்பற்றும் காஸ்.

இதற்கிடையில் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடிய பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். இன்சுலின் வைத்திருக்கும் வீட்டார் அதற்கு முன்பே அண்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஐஸ் கட்டும் தட்டில் வைத்தால் உறைந்து பயனற்றுப்போகும்.

வெளியாளைக் கூப்பிட்டால் ரசீதும் கழற்றிய பழைய சாமானும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் ஏன் என்று கேளுங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். அங்கே ரசீதுதான் பேசும். மனு எழுதக் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

இதோ, இந்தப் பழைய பெட்டியின் பின்மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். பிளக் சுவரில் இல்லை, பயம் வேண்டாம். தாய்மார்கள் முதலில் வந்து ரிலேயைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.