சட்டம் மாறினால் அச்சும் மாற வேண்டும்





நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பொம்மை வார்ப்போர் நன்கறிவர்: மண் புதிதாயினும் அச்சு பழையதாயின் பழைய உருவமே வெளிவரும். இன்று நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கணினி நிரலும் ஓர் அச்சே.

நம்மைப் பற்றிய சட்டங்கள் ஒரே நிலையில் நின்றதில்லை. பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணையில் 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். 2009இல் தமிழ்நாட்டில் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு வழங்கப்பட்டது. 2021இல் ஏழு சாதிப் பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவரப்பட்டன. முன்பு இத்தகைய மாற்றத்தை எழுத்தர் தம் பட்டியலில் பேனாவால் திருத்திக்கொண்டார். இன்று நிரலைத் திருத்தினாலன்றிச் சட்டத்தின் பயன் ஏழையின் வாசலுக்கு வந்து சேராது.

ஓர் எடுத்துக்காட்டு. போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்குரிய பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2010இல் 2 இலட்சம் ரூபாய். 2013இல் அது 2.5 இலட்சமாக உயர்ந்தது. 2,20,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்து மாணவிக்குப் புதிய விதிப்படி உரிமை உண்டு. நிரலில் பழைய எண் நின்றுவிட்டால், "கணினி ஏற்கவில்லை" என்ற இரு சொற்களில் அவளது கல்லூரிக் கனவு முடிந்துவிடும். சட்டம் கொடுத்ததைக் கணினி பறிப்பது எவ்வகை நியாயம்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, வரம்புகளும் சாதிப் பெயர்களும் நிரலுக்குள் புதைந்து கிடவாமல், அரசாணை எண்ணோடும் நடைமுறைக்கு வந்த நாளோடும் தனி அட்டவணையாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் பழைய ஆண்டின் விண்ணப்பம் பழைய விதிப்படியும், புதியது புதிய விதிப்படியும் தீர்க்கப்படும். பழைய பெயரில் பெற்ற சான்றிதழும் செல்லாததாகிவிடாது. இரண்டாவது, திருத்திய நிரலை மக்களிடம் விடுமுன் மாதிரி விண்ணப்பங்களால் சோதித்தல் வேண்டும். சரியாக 2,50,000 ரூபாய் உடையவர் ஏற்கப்படுகிறாரா, ஒரு ரூபாய் கூடினால் என்னாகிறது என்று எல்லையிலேயே பார்த்தல் வேண்டும். மூன்றாவது, மறுப்பு எதுவாயினும் எந்த விதியின்படி என்று தமிழில் எழுதித் தருதலும், பிழையெனில் அதை மாற்றும் அதிகாரம் ஓர் அலுவலர்க்கு இருத்தலும் வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. ஒவ்வோர் அரசாணையையும் தொகுத்து நம் படிப்பகத்தில் வைப்போம். மறுக்கப்பட்ட மாணவர்க்கு முறையீடு எழுதித் தருவோம். இளைஞர்களே, நிரல் எழுதும் கல்வியையும் கற்றுக்கொள்ளுங்கள். அச்சு செய்யும் அறையில் நம் கைகளும் இருக்கட்டும்!