மேசையில் யாருக்கு இடம்? போர்ப் பரப்புரையும் சமாதானமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவது வழக்கம். நம் தோழர் அதை விரும்பியிருக்கமாட்டார். நேராகப் பொருளுக்கு வருவோம்.

போர்ப் பரப்புரை குறித்துப் பேச வியட்நாமை எடுத்துக்கொள்வோம். அந்தப் போரின் பொய்கள் பெரும்பாலும் ஆவணங்களோடு வெளிவந்துவிட்டன என்பது ஒரு காரணம். நமக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு என்பது இன்னொன்று. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கருஞ்சிறுத்தைகள் 1966இல் ஓக்லாந்தில் வகுத்த பத்து அம்சத் திட்டத்தில், கறுப்பின ஆண்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

போர் எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் ஒரு மோதல் நடந்தது. 4ஆம் தேதி மறுபடியும் தாக்கினார்கள் என்று அறிவித்தார்களே, அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனாலும் 7ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியது. கீழவையில் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங் என்ற இருவர் மட்டுமே.

நாம் நின்று பார்க்க வேண்டியது பெயர்களை. தெற்கில் போராடியவர்கள் தங்களைத் தேசிய விடுதலை முன்னணி என்று அழைத்துக்கொண்டார்கள். உலகம் அறிந்ததோ ‘வியட்காங்’ என்ற பெயரை. அது எதிரி வைத்த பெயர். சிப்பாய்கள் வாயில் அதுவும் தேய்ந்து, ‘கூக்’ என்ற வசைச்சொல் மொத்த மக்களுக்கும் பொதுவாயிற்று. ஊரார் வைத்த பெயரால் காலமெல்லாம் கூப்பிடப்பட்டவர்கள் நாம். ஒரு கூட்டத்துக்கு இழிபெயர் வைத்துவிட்டால் அதன்பின் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அந்தப் போரில் வெற்றியைப் பிணங்களை எண்ணி அளந்தார்கள். 1968 மார்ச் 16, மை லாய். எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டார்கள், கைப்பற்றிய ஆயுதங்கள் 3 என்றது ராணுவத்தின் கணக்கு. 128 பேருக்கு 3 துப்பாக்கி! பத்திரிகைகள் அதை வெற்றிச் செய்தியாகப் போட்டன. செத்தவர்கள் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். சக சிப்பாய்களிடம் கேட்டறிந்த ரான் ரைடனவர் என்ற முன்னாள் சிப்பாய் கடிதம் கடிதமாக எழுதினார். செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் 1969 நவம்பரில் உண்மையை வெளிக்கொண்டுவந்தார். தண்டனை பெற்றது ஒரே ஒருவர்.

மறுபக்கமும் சுத்தமில்லை. அதே 1968இல் ஹுவே நகரைப் பிடித்தவர்கள் பொதுமக்களைப் பெரும் எண்ணிக்கையில் கொன்று புதைத்தார்கள். நம் மேடைகளில் மை லாய் ஒலித்த அளவுக்கு ஹுவே ஒலித்ததில்லை. ஹனோய் வானொலியோ, கறுப்பினச் சிப்பாய்களுக்கென்றே ஆங்கிலத்தில் பேசியது: உங்கள் ஊரில் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றது. அதில் பொய் ஏதுமில்லை என்பதுதான் சங்கடம். உண்மையைக் கொண்டும் பரப்புரை செய்யலாம்.

1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் இந்தப் போரை வெளிப்படையாக எதிர்த்தார். நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்டும் அவரைக் கண்டித்துத் தலையங்கம் எழுதின. கறுப்பினத்தவரின் மூத்த அமைப்பே, உரிமைப் போராட்டத்தையும் சமாதான இயக்கத்தையும் கலக்கக் கூடாது என்றது. இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது இல்லையா? ‘சாதிப் பிரச்சினையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளியுறவெல்லாம் உங்களுக்கு எதற்கு’ என்று நம்மிடமும் சொல்கிறார்கள். சேரியிலிருந்து வருகிறவருக்கு உலகத்தைப் பற்றிக் கருத்து இருக்கக்கூடாது என்பதும் ஒரு தீண்டாமைதான். போருக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் நாம் தேசத்தின் பிள்ளைகள்.

சமாதானத்துக்கு வருவோம். பாரிஸில் 1968 மே மாதமே பேச்சு தொடங்கிவிட்டது. சைகோன் அரசையும் விடுதலை முன்னணியையும் சேர்த்துக்கொள்ளும் கட்டம் வந்ததும் சிக்கல் எழுந்தது. மேசை எந்த வடிவில் இருப்பது? வாரக்கணக்கில் இழுத்தது, செய்தியாளர்கள் கேலி செய்தார்கள். நமக்கு அது கேலியாகத் தோன்றாது. முன்னணியைத் தனித் தரப்பாக ஏற்பதா, கூடாதா என்பதுதான் அங்கே வழக்கு. அது பொம்மை, கொள்ளைக்கூட்டம் என்று ஆண்டுக்கணக்காக மக்களிடம் சொல்லிவந்த ஓர் அரசு, அதே கூட்டத்துக்குச் சமமாக எப்படி நாற்காலி போடும்? தன் பரப்புரையே அதன் கையைக் கட்டிப்போட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைக்கும் ஊர்களை அறிந்த நமக்கு, நாற்காலி அற்பமான விஷயமல்ல. கடைசியில், 1969 ஜனவரியில், ஒரு வட்ட மேசை, கொடியில்லை, பெயர்ப்பலகையில்லை. அந்த வாரங்களிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1973 ஜனவரி 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்னணி அமைத்த தற்காலிகப் புரட்சி அரசின் சார்பில் நுயென் தி பின் என்ற பெண் கையெழுத்திட்டார். ஆனால் சைகோன் கையெழுத்திட்ட பிரதியின் வாசகத்தில் அவருடைய அரசின் பெயர் இல்லை. பெயர் இருந்தால் கையெழுத்திட மாட்டோம் என்றார்கள். பெயர் சொல்லாமல் செய்த சமாதானம் எத்தனை நாள் நிற்கும்? சண்டை தொடர்ந்தது, 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்த பிறகே முடிந்தது. இடையில் நோபல் சமாதானப் பரிசை அறிவித்தார்கள். சமாதானம் இன்னும் வரவில்லை என்று லெ டுக் தோ மறுத்துவிட்டார். கிஸிஞ்சர் ஏற்றுக்கொண்டார்.