ஊருக்கு ஊர் தனிச் சட்டம் எதுக்கு?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கேட்டார், "நாடு முழுக்கக் கட்டட விதி ஒண்ணு இருக்கே, அதுக்கு மேல ஊருக்கு ஊர் தனியா எதுக்கு?" என்று. ஐயா, தலைவலிக்கும் வயித்துவலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியர்கிட்ட நீங்க போவீங்களா?

2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்தன. கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தியவை அவற்றில் பல. அந்த ஊருக்கு ஆபத்து காலடியில். எங்கள் தஞ்சைப் பக்கத்துக்கோ தலைக்கு மேலே. கீற்று! நானும் கீற்றுக் கொட்டகையில படிச்சவன்தான். குளுகுளுன்னு இருக்கும். ஆனால் காய்ந்த கீற்றுக்கு ஒரு பொறி போதும். ஆடிக் காற்று வேற. 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையற்கூடத்துக் கூரையில் பிடித்த தீ, மாடி வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள், ஐயா! அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள்.

கட்டடங்களை ஒழுங்குபடுத்துவதையும் தீயணைப்பையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணையே சொல்கிறது. எந்தத் தெருவுல தீயணைப்பு வண்டி நுழையாதுன்னு டெல்லிக்குத் தெரியாது. வார்டு கவுன்சிலருக்குத் தெரியும். (தெரிஞ்சும் பேசாம இருப்பார். அது வேற பட்டிமன்றம்!)

"படிக்கட்டை அகலப்படுத்தினா செலவாகும்" என்றார் நண்பர். ஆகும், மறுக்கலை. அதை எங்க ஊர் வீட்டு வரியில சேர்த்துடுங்க; முதல் ரசீதை என் பேருக்கே போடுங்க!