வழுக்கியது நாக்குதான்!



'வாய் தவறி வரும் சொல்லில் தெரிவது உள்மனமா, வெறும் தடுமாற்றமா?' இதுதான் தலைப்பு. தடுமாற்றமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

நாம் 'வாய் தவறிடுச்சு' என்கிறோம். ஆங்கிலத்திலே 'ஸ்லிப் ஆஃப் தி டங்' என்கிறார்கள். அதாவது, நாக்கு வழுக்கிவிட்டது! பாசி பிடித்த படியிலே ஒருவன் வழுக்கி விழுந்தால் கைகொடுத்துத் தூக்குவோமா, 'வேணும்னேதானே விழுந்தே?' என்று விசாரணை வைப்போமா? (சிரிப்பு)

எதிரணி அம்மையார் பிராய்டைச் சாட்சிக்கு அழைத்தார். 1901-இல் அவர் எழுதியதில் ஒரு சம்பவம் வரும். ஆஸ்திரிய நாடாளுமன்றத்துக் கீழவைத் தலைவர், கூட்டத்தைத் தொடங்கும்போதே 'கூட்டம் முடிந்தது' என்று அறிவித்துவிட்டார். சீக்கிரம் முடியாதா என்கிற ஆசைதான் வெளியே வந்தது என்றார் பிராய்டு. இருக்கலாம். என் வகுப்பு மாணவர்களுக்கும் அந்த ஆசை உண்டு! (கைதட்டல்) அதற்காக ஒவ்வொரு வாய்த்தவறலிலும் ஒரு கள்ளத்தைத் தேடினால் குடும்பம் தாங்குமா?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அம்மா, என் மனைவியை அடிக்கடி என் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தங்கை சின்ன வயதிலேயே இறந்துபோனவள். ஒருநாள் மனைவி கண்கலங்கிவிட்டாள். "ஏங்க, பத்து வருஷமா இந்த வீட்டுல சோறு வடிக்கிறேன். அத்தை வாயில இன்னும் என் பேரு வரலையே!" எனக்குப் பதில் தெரியவில்லை.

பதிலை 2016-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். பெயர் மாறுவது பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்ளேதான். வீட்டாரை வீட்டார் பெயரால் அழைக்கிறோம். நண்பரை நண்பர் பெயரால் அழைக்கிறோம். வளர்க்கிற நாயின் பெயர்கூட பிள்ளைக்கு வந்துவிடுகிறதாம். பூனையின் பெயர் வருவதில்லையாம்! (சிரிப்பு)

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா, மருமகளை எந்தப் பெட்டியில் வைத்திருந்தார்? மகள் பெட்டியில்! அவசரத்தில் நாக்கு எடுத்த பெயர்தான் தவறு. கைவிட்ட பெட்டி தவறில்லை.

இதை மனைவியிடம் சொன்னேன். அப்போது அம்மா உயிரோடு இல்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "இப்ப அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லையேங்க."

ஆகவே நடுவர் அவர்களே, வாய் தவறியவரை வழக்குமன்றத்தில் நிறுத்தாதீர்கள். 'என்னம்மா?' என்று திரும்பிப் பாருங்கள். அது போதும்.