அடுப்படியிலேயே ஆரம்பிக்குது அறிவியல்

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், இல்லம் தேடிக் கல்வி மையத் தன்னார்வலராகப் பணியாற்றிய நம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறதைப் பத்தி என்னைப் பேசச் சொன்னாங்க. நான் டீச்சர் இல்லை. பிளஸ் டூ வரைக்கும் படிச்சவ. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்போ, எங்க தெருவுல சாயங்காலம் 20 பிள்ளைகளை உட்கார வைச்சுச் சொல்லிக்கொடுத்தேன். அந்த அனுபவத்துலதான் பேசறேன். அதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

என் பெரிய பொண்ணு அப்போ நாலாம் வகுப்பு. ஒரு நாள் குழம்புக்கு எடுத்து வைச்ச மொச்சையில ஒரு கைப்பிடி காணோம். தேடிப் பார்த்தா ஜன்னல் ஓரமா மூணு டம்ளர். ஒண்ணுல தண்ணி நிறைய, ஒண்ணுல ஈரத்துணி, ஒண்ணுல தண்ணியே இல்லை. எல்லாத்திலேயும் மொச்சை. அன்னைக்குக் குழுவுக்குத் தவணை கட்டற நாள். கையில 200 ரூபாய் குறைவு. அந்தக் கோவத்துல, "சாப்பிடற பொருளை வீணாக்குறியா"ன்னு முதுகுல ஒண்ணு வைச்சேன். டம்ளரை எல்லாம் சாக்கடையில கொட்டிக் கழுவிக் கவுத்துட்டேன். எதுக்காக இப்படி வைச்சேன்னு ஒரு வார்த்தை கேட்கலை.

பல வருஷம் கழிச்சு, மையத்துப் பிள்ளைகளுக்காக விதை முளைக்கிற சோதனையை வீட்டுல செஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தேன். என் பொண்ணு அதைப் பார்த்துட்டு, "அம்மா, இதைத்தானே அன்னைக்கு நான் செஞ்சேன்?"னு கேட்டா. கோவமாகூட கேட்கலை. அதுதான் எனக்கு உறைச்சது. அதுக்கு அப்புறம் அவ வீட்டுல எதையும் நனைச்சு வைக்கலை, எதையும் பிரிச்சுப் பார்க்கலை. நல்ல மார்க் வாங்கினா. ஆனா கேள்வி கேட்கிறதை விட்டுட்டா. அடக்கமான பொண்ணுன்னு நானும் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

அதனால மையத்துல முதல் சோதனையா மொச்சையைத்தான் எடுத்தேன். ஒரு கண்ணாடி டம்ளர். உள்பக்கம் சுத்தி நாலு மடிப்பு ஈரப் பேப்பர். பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஊறின மொச்சை நாலு. ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா, மத்த ரெண்டும் பக்கவாட்டுல. அடியில கொஞ்சம் தண்ணி. "வேர் எந்தப் பக்கம் போகும்?"னு கேட்டேன். தலைகீழா வைச்சதுல வேர் மேலே போகும்னு பாதிப் பேர் சொன்னாங்க. மூணு நாலு நாள்ல வேர் வந்துச்சு. எப்படி வைச்சிருந்தாலும் வேர் வளைஞ்சு கீழேதான் போச்சு. ஒரு பையன் யாருக்கும் தெரியாம டம்ளரைப் படுக்க வைச்சுட்டான். வேர் மறுபடி திரும்பித் தரையைப் பார்த்தே வளர்ந்துச்சு. பூமியோட ஈர்ப்பு விதைக்குத் தெரியுதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி, அவங்க கண்ணாலேயே பார்த்துட்டாங்க.

இன்னொரு பிள்ளை டம்ளர் நிறையத் தண்ணி ஊத்திட்டா. விதை அழுகி நாத்தம் வந்துச்சு. "ஏங்கக்கா?"னு கேட்டா. எனக்குத் தெரியலை. தெரியலைன்னே சொன்னேன். மறுநாள் அவளே அவங்க ஆயாகிட்ட கேட்டுட்டு வந்தா. "வயல்ல தண்ணி நின்னா உளுந்து அழுகிடும்ல, அதுமாதிரிதான்"னு ஆயா சொன்னாங்களாம். விதைக்குத் தண்ணி மட்டும் போதாது, மூச்சு விடக் காத்தும் வேணும்னு பள்ளிக்கூடத்து டீச்சர் விளக்கினாங்க. பள்ளிக்கூடமே போகாத ஆயா பாதி பதில் சொன்னாங்க, டீச்சர் மீதியைச் சொன்னாங்க.

இதைத்தான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல வந்தேன். "நமக்குப் படிப்பு இல்லை, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது"ன்னு நாம ஒதுங்கிடறோம். ஆனா பாருங்க, வெள்ளைத் துணியில மஞ்சள் பட்டு, அதுல சோப்புப் போட்டா செவந்து போகுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆரத்தித் தட்டுல மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு கலந்தா செவக்குது. சோப்பும் சுண்ணாம்பும் காரம். மஞ்சள் காரத்தைக் காட்டிக்கொடுத்துடும். மஞ்சளைக் குழைச்சு வெள்ளைத் தாள்ல பூசி, நிழல்ல காய வைச்சுத் துண்டு துண்டா வெட்டிக் கொடுங்க. சோப்புத் தண்ணி தொட்டு வைச்சா செவக்கும். அது மேலேயே எலுமிச்சைச் சாறு விட்டா மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சை அமிலம், காரத்தை முறிச்சுடும். லேப்ல லிட்மஸ் தாள்ல செய்யறதும் இதே மாதிரி வேலைதான்.

அதே மாதிரி முட்டை. நல்ல தண்ணியில போட்டா முழுகும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல மிதக்கும். உப்பு கரைஞ்ச தண்ணிக்கு எடை கூடுது, அதனால முட்டையைத் தாங்குது. விவசாயம் பார்க்கிற அக்காமாருக்கு இது புதுசு இல்லை. முட்டை மிதக்கிற உப்புத் தண்ணியில விதை நெல்லைக் கொட்டி, மேலே வர்ற பதரை எடுத்துடறோம். அடியில நிக்கிற நெல்லை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி விதைக்கிறோம். அப்புறம் அறிவியல் நமக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச வழி இல்லை. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகள்ல, பிள்ளைகள் கையாலேயே செஞ்சு பார்த்து அறிவியல் படிக்கிற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. அங்கே வேலை செஞ்ச அரவிந்த் குப்தாங்கிற இன்ஜினியர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைச்சே விதவிதமான உருவங்கள் செய்யக் காட்டினார். நாங்களும் செஞ்சு பார்த்தோம். சதுரம் சாய்ஞ்சுடும், முக்கோணம் அசையாது. கேட்டுக்குக் குறுக்குக் கம்பி ஏன் அடிக்கிறாங்கன்னு பிள்ளைகளே சொல்லிட்டாங்க. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நம்ம தமிழ்நாட்டுல அறிவியல் இயக்கம் 1987-லிருந்து பிள்ளைகளுக்காகத் 'துளிர்' மாத இதழ் நடத்துறாங்க. 2022-இல் ஆரம்பிச்ச வானவில் மன்றம் மூலமா அரசுப் பள்ளியில 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்குக் கருவிகளோட வந்து செஞ்சு காட்டுறாங்க. ஆனா வீட்டுல நாம "சும்மா இரு, தொடாதே"ன்னு சொல்லிட்டா அதோட பலன் பாதிதான்.

இன்னொரு விஷயமும் மனசுல இருக்கு. மையத்துல பாட்டில், பலூன், பேட்டரின்னு எடுத்து வைச்சா, பையன்க பாய்ஞ்சு எடுத்துப்பாங்க. பொண்ணுங்க நோட்டுல எழுதுவாங்க, கடைசியில இடத்தைக் கூட்டிப் பெருக்குவாங்க. "உன் கையெழுத்து அழகா இருக்கு"ன்னு எழுத உட்கார வைச்சதே நான்தான். அப்புறம்தான் நம்ம குழு ஞாபகம் வந்துச்சு. பொறுப்பு ஒருத்தர்கிட்டயே இருந்தா மத்தவங்க கத்துக்க முடியாதுன்னுதானே நாம சுழற்சி வைச்சிருக்கோம்? அதே சுழற்சியை அங்கேயும் வைச்சேன். செய்யறவங்க, எழுதறவங்க, பெருக்கறவங்கன்னு தினமும் மாத்தி மாத்தி. முதல் வாரம் பொண்ணுங்க பேட்டரியைத் தொடவே பயந்தாங்க. ஒரு மாசத்துல, பல்பு எரியலைன்னா வயரைப் பிரிச்சு எங்கே விட்டுப்போச்சுன்னு அவங்களே பார்த்தாங்க.

வீட்டுல செய்யறதுக்கு நான் கடைப்பிடிக்கிறது மூணுதான். செய்யறதுக்கு முன்னாடி "என்ன ஆகும்னு நினைக்கிறே?"னு கேளுங்க. பிறகு பிள்ளை கையாலேயே செய்ய விடுங்க, தப்பா போனாலும் நடுவுல பிடுங்காதீங்க. கடைசியா, "ஏன் இப்படி ஆச்சு?"ன்னு கேட்டுட்டுக் காத்திருங்க. உங்களுக்குப் பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அடுப்பு, ஆசிட், வீட்டுக் கரண்ட் பக்கம் விளையாட்டே வேண்டாம். பல்பு சோதனைக்கு டார்ச் பேட்டரி மட்டும் போதும். சுண்ணாம்பை நீங்களே தொட்டுக் கலக்குங்க, பிள்ளைங்க கண்ணுல பட்டுடக் கூடாது.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு அறிவியல் பெட்டி வைக்கணும். கண்ணாடி டம்ளர், லென்ஸ், காந்தம், டார்ச் பேட்டரி, சின்ன பல்பு, வயர், பலூன், வால்வு டியூப் இருந்தா போதும். மாசம் ஒரு தடவை குழுக் கூட்டம் முடிஞ்சதும் அரை மணி நேரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு சோதனை செய்வோம். அதை நடத்தற பொறுப்பும் சுழற்சியில வரட்டும். முதல் மாசம் நான் எடுத்துக்கிறேன்.

கடன் கட்டறோம், சேமிக்கிறோம், தொழில் பண்றோம். எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான். இனிமே வீட்டுல ஒரு கைப்பிடி மொச்சை காணாம போனா, கை ஓங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நான் அன்னைக்குக் கேட்காம விட்ட கேள்வி அது.