பாட்டியின் கொலுப் பெட்டி



கொலு என்றவுடன் உங்களுள் பலருக்குச் சுண்டல் நினைவுக்கு வரக்கூடும். அதில் குற்றமில்லை, எனக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. அரசன் தன் அவையில் சிறப்புடன் அமர்ந்திருப்பதைக் கொலு வீற்றிருத்தல் என்று கூறுவர். நவராத்திரி ஒன்பது நாட்களிலும் வீட்டுக் கூடத்தில் படிகள் அமைத்து, வெண்துணி விரித்து, பொம்மைகளை அவ்வாறு வீற்றிருக்கச் செய்வதால் அவ்விழாவுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. எல்லார் இல்லங்களிலும் இவ்வழக்கம் இல்லை என்பதை அறிவேன். ஆயினும், உங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பல்லாங்குழியோ அஞ்சறைப் பெட்டியோ இருக்குமாயின், இன்று நான் சொல்லப்போவது அதற்கும் ஒருவாறு பொருந்தும்.

எங்கள் குடும்பத்துக் கொலு கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தொடங்கியது. 1921 ஆம் ஆண்டில் என் பாட்டி தம் பதின்மூன்றாம் வயதில் மணமாகி அவ்வூருக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு சோடி மரப்பாச்சிகளும் வந்தன. ஆண் ஒன்று, பெண் ஒன்று. இரண்டும் ஒரு சாண் உயரம். மணமகளுக்குப் பிறந்த வீட்டார் மரப்பாச்சி கொடுத்தனுப்புவது பழைய மரபு. புகுந்த வீட்டில் அவள் வைக்கும் முதற்கொலு அந்தச் சோடியைக் கொண்டுதான் தொடங்கும். பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அது சீராக மட்டுமா இருந்திருக்கும்? விளையாட்டுத் துணையாகவும் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

பழைய மரப்பாச்சிகள் செம்மரத்தில் கடைந்தவை. கடப்பை, சித்தூர் முதலிய மாவட்டங்களைச் சார்ந்த கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் அம்மரத்தின் தாயகம். அது மிக மெதுவாக வளர்வது. அதன் வயிரம் செங்குருதி நிறமும் மிகுந்த கனமும் உடையது. அளவுக்கு மீறி வெட்டப்பட்டமையால் 1995 ஆம் ஆண்டு முதல் அதன் பன்னாட்டு வாணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தப்பட்டது. இன்று கடைகளில் மரப்பாச்சி என்ற பெயரில் கிடைப்பவற்றுள் பல, வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றியவை. கையில் எடுத்துப் பார்த்தால் கனமே வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

மரப்பாச்சி கடையிலிருந்து வரும்போது ஆடையின்றி வரும். அதனை உடுத்துவது வீட்டாரின் பொறுப்பு. ஆவணி மாதம் பிறந்தவுடனேயே எங்கள் வீட்டில் அவ்வேலை தொடங்கிவிடும். தையற்காரர் கழித்த பட்டுத் துண்டுகள், கிழிந்த புடவையிலிருந்து பிரித்த சரிகை, வண்ணக் காகிதம் எல்லாம் ஒரு மூங்கில் தட்டில் வந்து சேரும். ஆண் மரப்பாச்சிக்கு ஒருமுறை பஞ்சகச்சம், ஒருமுறை கோட்டும் தலைப்பாகையும். பெண் மரப்பாச்சிக்கு மூக்குத்தி வைப்பதற்கு என் பெரிய அத்தை ஒரு கடுகை ஒட்டவைத்து, அதன்மேல் பொன்னிறம் தீட்டியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்ணாடிக் குழல்மணிகளைக் கோத்துக் கிளியும் தோரணமும் செய்வார்கள். பழைய செய்தித்தாள்களை மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பானையின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார்கள். அதில்தான் சுண்டல் விநியோகம். எங்களுக்கு, அதாவது சிறுவர்களுக்கு, படிகளின் பக்கத்தில் ஆறடி இடம் விடப்படும். அங்கே மணல் பரப்பி, நாலைந்து நாட்களுக்கு முன்பே கேழ்வரகு தூவி நீர் தெளித்து, பசும்புல் தரையொன்றை உண்டாக்குவோம். உடைந்த கண்ணாடி அங்கே குளமாகும். இவற்றுக்கெல்லாம் செலவு மிகவும் சொற்பம். ஆனால் ஒரு மாத காலம் வீட்டில் ஒருவர்கூடச் சும்மா இருந்ததில்லை.

ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையாவது சேர்க்கவேண்டும் என்பது கொலுவின் எழுதாச் சட்டம். பண்ணுருட்டி மண் பொம்மைகளும், மதுரையை அடுத்த விளாச்சேரிப் பொம்மைகளும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளும் இவ்வாறு ஒவ்வொன்றாய் எங்கள் பெட்டிக்குள் புகுந்தன. தலையாட்டியை எப்படிச் சாய்த்தாலும் மீண்டும் நிமிர்ந்துவிடும். கனமெல்லாம் வளைந்த அடிப்பாகத்தில் இருப்பதே அதற்குக் காரணம். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

பாட்டி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 1931 முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்த பொம்மை யாது, யார் வாங்கித் தந்தது, விலை என்ன என்று எழுதி வந்தார். பெரும்பாலும் ஒரே வரிதான். "கிருஷ்ணர், அண்ணா காரைக்குடியிலிருந்து கொண்டுவந்தான்" என்பது ஒன்று. 1943 ஆம் ஆண்டுக்கு நேரே, "வாங்கவில்லை. அரிசிக்கே பாடு" என்று இருக்கிறது. போர்க்காலத்தின் உணவுத் தட்டுப்பாட்டைப் பற்றி நான் பின்னாளில் பல நூல்களில் படித்தேன். அந்த மூன்று சொற்களைப்போல அவை எதுவும் எனக்கு உறைக்கவில்லை. 1948 இல் காந்தியடிகளின் மண்சிலை ஒன்று சேர்ந்திருக்கிறது. 1952 இல் ஒரு குழந்தைப் பொம்மை. யார் வாங்கியது என்ற குறிப்பு இல்லை, விலையும் இல்லை. அவ்வாண்டு பாட்டி தம் கடைசிக் குழந்தையை இழந்தார் என்பதைப் பெரிய அத்தை சொல்லித்தான் நான் அறிந்தேன். அந்தப் பொம்மையைப் பாட்டி எப்போதும் தம் கையாலேயே படியில் வைப்பார்.

பாட்டி 1970 இல் காலமானார். மறு ஆண்டு குடும்பம் பிரிந்தது. பித்தளைப் பாத்திரங்களைத் தராசில் நிறுத்துப் பங்கிட்டார்கள். நிலத்துக்கு அளவுச் சங்கிலி இருந்தது. பொம்மைப் பெட்டியை எந்தத் தராசில் நிறுத்துவது? என் சித்தப்பாக்களுள் ஒருவர் எண்ணிக்கைப்படி நான்காகப் பிரிக்கலாம் என்றார். அப்படிச் செய்திருந்தால் தசாவதாரத்தில் இரண்டரை அவதாரம் ஒரு வீட்டுக்குப் போயிருக்கும். ஆண் மரப்பாச்சி ஓர் ஊரிலும் பெண் மரப்பாச்சி வேறோர் ஊரிலும் இருந்திருக்கும். வாய்ச்சண்டை முற்றிய நேரத்தில் பெரிய அத்தை பெட்டியின்மேல் ஏறி அமர்ந்துகொண்டார். பெட்டியைப் பிரிப்பதில்லை, ஆண்டுக்கு ஒரு வீட்டில் கொலு, மற்றவர்கள் அங்கே வந்து சேரவேண்டும் என்று அவர் சொன்ன தீர்ப்பு ஒருவழியாக ஏற்கப்பட்டது. நிலத்தகராறினால் பேச்சு வார்த்தை இல்லாதிருந்த சகோதரர் இருவர், மூன்றாம் ஆண்டில் அந்தப் பெட்டியை இருபுறமும் பிடித்துத் தூக்கி இரயிலில் ஏற்றவேண்டியதாயிற்று. ஒருவராகத் தூக்க முடியாத கனம் அதற்கு. செம்மரத்தின் நற்பண்புகளுள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானியரும் மார்ச் மாதம் 3 ஆம் நாள் பெண்குழந்தைகளுக்காகப் பொம்மை விழா ஒன்று கொண்டாடுகின்றனர். செந்துணி விரித்த படிகளின் உச்சியில் பேரரசரும் பேரரசியும், அடுத்த படியில் பணிப்பெண்கள் மூவர், அதற்கடுத்து இசைவாணர் ஐவர் என்று அவர்களும் அரசவையைத்தான் அமைக்கிறார்கள். அங்கும் தாயின் பொம்மைகள் மகளுக்கு வருவது உண்டு. விழா முடிந்தபின் பொம்மைகளை எடுத்துவைக்கக் காலந்தாழ்த்தினால் மகளின் திருமணமும் தாழ்ந்துபோகும் என்று ஒரு நம்பிக்கை. சோம்பலைத் துரத்த யாரோ ஓர் அன்னை கட்டிவிட்ட கதையாகத்தான் அது இருக்கவேண்டும்.

எடுத்துவைப்பதும் ஒரு கலைதான். மண் பொம்மைக்கு ஈரமும், காகிதக்கூழ்ப் பொம்மைக்குப் பூச்சியும் பகை. எங்கள் வீட்டில் வைக்கோலை விலக்கிவிட்டு, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றாய்ச் சுற்றி, உலர்ந்த வேப்பிலையை இடையிடையே இட்டு, கனமானவற்றை அடியில் வைப்போம். விரல் முறிந்தால் காகிதக்கூழும் புளியங்கொட்டைப் பசையும் கொண்டு ஒட்டலாம். ஆனால் பழைய பொம்மையின் முகத்துக்குப் புதிதாக எனாமல் வண்ணம் பூசுவதை நான் ஒப்புவதில்லை. பளபளப்பு வரும், நாம் அறிந்த முகம் போய்விடும். 1948 இன் காந்தியடிகளுக்கு மூக்குக் கண்ணாடி அழிந்துபோயிற்று. அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

கடைக்குப் போனால் இதைவிட அழகிய பொம்மைகள் இன்று எளிதில் கிடைக்கும். எங்கள் பெட்டியை விற்கப்போனால் மரப்பாச்சிச் சோடியைத் தவிர மற்றவற்றுக்கு விலை சொல்ல ஆள் இராது. துணியைப் பிரிக்கும்போது யாரேனும் ஒருவர், "இது அண்ணா காரைக்குடியிலிருந்து கொண்டுவந்தது" என்று சொல்லுகிறாரே, அந்தச் சொல்தான் அங்கே சொத்து. சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அது மண்தான். ஆகையால்தான், பெட்டி போகும் வீட்டுக்கு நோட்டும் உடன்போகவேண்டும் என்று அத்தை விதித்திருந்தார். அத்தையும் இன்று இல்லை. நோட்டின் தாள்கள் பழுத்து ஓரம் உதிரத் தொடங்கியதால், கல்லூரியில் படிக்கும் என் பேத்தி அதனைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஐயம் தோன்றிய வரிகளுக்கெல்லாம் என்னைக் கேட்டுக் குறிப்பு எழுதி வருகிறாள். பதினோரு வரிகளுக்கு விடை சொல்ல இப்போது யாரும் இல்லை. அவற்றுக்கு எதிரே கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறாள்.

இவ்வாண்டு பெட்டி கோயம்புத்தூருக்குப் போகிறது. புதுப் பொம்மை வாங்கும் முறை என்னுடையது, இன்னும் வாங்கவில்லை.