இங்கிலீசில் காலம்: பெற்றோர் கூட்டத்தில் பேசியது

கொழுந்து நிறுத்துட்டு நேரா வந்திருக்கீங்க, சுருக்கமாப் பேசுறேன்.

நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீசுச் சொல் தெரியுது, காலம்தான் தடுக்குது. அதனால் நம்ம சரித்திரத்தையே கரும்பலகையில் எழுதினேன்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 'பிளான்டட்'. முடிந்த காரியம். அதற்கு முன்னமே, கோப்பிக் காலத்திலேயே, நம்ம ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்திருந்தாங்க. 'ஹேட் கம்'. இரண்டு பழைய காரியத்தில் முந்தியது எது என்று காட்டத்தான் அந்த 'ஹேட்'. "தேயிலைக்கும் முந்தினவங்களா சேர் நாம?" என்று ஒரு பையன் கேட்டான். இலக்கணம் விளங்கிட்டுது என்று தெரிந்துகொண்டேன்.

சிக்கல் அடுத்ததில். 'பரம்பரையா இங்கே இருக்கிறோம்' என்று தமிழில் சொல்லிப் பழகியதால் 'வீ ஆர் லிவிங்' என்று எழுதுதுகள். 'வீ லிவ்ட்' என்றால் இருந்துட்டுப் போயிட்டோம் என்றாகும். 'வீ ஹேவ் லிவ்ட்' என்றால்தான் அன்று தொடங்கியது இன்றும் விடவில்லை என்று அர்த்தம்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம்மவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இல்தான் சட்டம் வந்தது. இதை எழுதச் சொன்னபோது, ஒரு பிள்ளை தன் பாட்டியை 'இஸ் ஸ்டேட்லெஸ்' என்று எழுதியிருந்தது. 'இஸ்'ஸை வெட்டி 'வாஸ்' போட்டேன். "ஏன் சேர்?" என்றது. "பாட்டிக்கிட்ட அடையாள அட்டை இருக்குதே" என்றேன்.

இன்றிரவு லயத்தில் உங்க கதையைப் பிள்ளைகளுக்கு வருஷத்தோடு சொல்லுங்க. நாளைக்குப் பாடம் அதுதான்.